குளிர்ந்த எஞ்சின் உதறுவது ஏன்? காரணம் காணும் முறையும் திருத்தும் வழியும்

மோட்டார் வண்டியில் தோன்றும் கோளாறுகளுள் சில, நாளில் ஒரே ஒரு வேளையில் மட்டும் தலைகாட்டிப் பின்னர் மறைந்துவிடுகின்றன. காலை வேளையில் எஞ்சின் உதறுவது அத்தகைய கோளாறுகளுள் முதன்மையானது. இரவு முழுவதும் நின்றிருந்த வண்டியை ஓட்டுநர் கிளப்புகிறார். எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, ஆனால் சீராக ஓடுவதில்லை. வண்டி முழுவதும் நடுங்குகிறது. இடையிடையே ஒரு துடிப்புத் தவறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் எடுக்காமல் திணறுகிறது. ஐந்து அல்லது பத்து நிமிஷங்கள் சென்றபின் யாவும் சரியாகிவிடுகின்றன. பிறகு மாலை வரையில் எஞ்சினைப் பற்றி எவ்விதக் குறையும் இருப்பதில்லை. ஆகையால் இக்கோளாறைப் பலரும் பொருட்படுத்துவதில்லை.

பொருட்படுத்தாமல் விடுவது நல்லதன்று. எரியாமல் தங்கிய பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடுகிறது. கீழே வழிந்து எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதன் பசையைக் குறைக்கிறது. எஞ்சியது வெளியேறும் குழாய் வழியே சென்று, புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிப் பெட்டிக்குள் எரிந்து அதைப் பாழாக்குகிறது. இவற்றைவிட முக்கியமானது வேறொன்று. இன்று உதறும் எஞ்சின், ஒரு நாள் கிளம்பவே மறுக்கக்கூடும். மலை மாவட்டங்களில் தடுப்பூசிப் பெட்டியுடனோ நோயாளியுடனோ விடியற்காலையில் புறப்பட வேண்டிய வண்டி அவ்வாறு நின்றுவிட்டால் ஏற்படும் நஷ்டத்தைப் பணத்தால் அளவிட இயலாது.

இக்கோளாறைக் கண்டறிவதில் உள்ள தனிப்பட்ட சங்கடம் யாதெனில், வண்டி பணிமனையை அடைவதற்குள் எஞ்சின் சூடேறிவிடுகிறது, நோயும் மறைந்துவிடுகிறது. மெக்கானிக் பார்ப்பது நோயற்ற எஞ்சினையே. அவர் ஊகத்தின் பேரில் முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுகிறார். மறுவாரம் காயில்களை மாற்றுகிறார். அதன்பின் இஞ்செக்டர்களைக் கழற்றுகிறார். செலவு ஏறுகிறது; உதறல் நிற்பதில்லை. குளிர்ந்த எஞ்சின் உண்மையைச் சொல்வது நாளில் ஒரு முறைதான். அந்த ஒரு முறை அருகில் நிற்பவர் ஓட்டுநரோ களப் பணியாளரோ ஆவார். எனவே இந்நோயை ஆராயும் பொறுப்பில் பெரும்பகுதி அவர்களையே சார்ந்தது எனலாம்.

குளிர்ந்த எஞ்சினின் தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். காற்றும் எரிபொருளும் தக்க விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். தக்க சமயத்தில் வலிவான தீப்பொறி தோன்ற வேண்டும். அடைபட்ட கலவை கசியாமல் அழுத்தப்பட வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இம்மூன்றுமே கடினமாகின்றன.

முதலாவது, கலவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் திரவ நிலையிலுள்ள பெட்ரோல் எரிவதில்லை. ஆவியாக மாறிய பகுதியே எரிகிறது. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலப்பு. அதன் இலேசான பகுதிகள் 40 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளாகவே கொதிக்கின்றன. கனமான பகுதிகள் கொதிப்பதற்கு 200 டிகிரியை நெருங்க வேண்டும். எஞ்சின் சூடாக உள்ளபோது எல்லாப் பகுதிகளும் ஆவியாகின்றன. குளிர்ந்த நிலையிலோ இலேசான பகுதிகள் மட்டுமே ஆவியாகின்றன. மற்றவை குளிர்ந்த குழாய்ச் சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடுகின்றன. இதை ஈடுசெய்யவே, குளிர்ந்த எஞ்சினுக்கு வழக்கத்தைவிட மிகுதியாகப் பெட்ரோல் அளிக்கப்படுகிறது. பழைய வண்டிகளில் இப்பணியைச் செய்தது சோக். இக்காலத்து வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எஞ்சினின் உஷ்ணநிலையை ஒரு சென்சார் மூலம் அறிந்து, இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது.

இரண்டாவது, தீப்பொறி. குளிரில் பாட்டரியின் இரசாயன வினை மந்தமாகிறது. அதே சமயம் எண்ணெய் தடித்து எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுத்துக்கொள்வதால் தீப்பொறிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் தாழ்கிறது.

மூன்றாவது, அழுத்தம். குளிர்ந்த பிஸ்டன் சற்றே சுருங்கியிருக்கும். தேய்ந்த வளையங்களும் சரியாக மூடாத வால்வுகளும் தம் குறையை அப்போதுதான் முழுமையாகக் காட்டும்.

குளிர்ந்த எஞ்சின் என்பது பனிமலைக்கே உரியது என்று எண்ணலாகாது. எஞ்சின் இயங்குவதற்கு ஏற்ற உஷ்ணநிலை சுமார் 85 முதல் 95 டிகிரி ஆகும். சென்னையில் 28 டிகிரியில் நிற்கும் வண்டியும் அதிலிருந்து 60 டிகிரி குறைவாகவே உள்ளது. ஜனவரி மாதத்து டில்லியில் அக்குறைவு 80 டிகிரியாகவும், இரவில் உறைநிலைக்கு 10 டிகிரிக்கும் கீழே இறங்கும் லே நகரில் 100 டிகிரியாகவும் ஆகிறது. குறைபாடு ஒன்றே, குளிர் மிகுந்த இடத்தில் அது முன்னதாக வெளிப்படுகிறது.

எரிபொருளில் நேர்ந்துள்ள மாறுதல் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2022-ல் 10 சதவிகிதத்தை எட்டியது. 2025-ல் 20 சதவிகிதமாக உயர்ந்தது. எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது. ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட உஷ்ணத்தை உட்கொள்வது. மேலும், ஒரு பங்கு எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். ஆகையால் பெட்ரோலுக்கென அமைத்த அளவிலேயே செலுத்தினால் கலவையில் காற்று மிகுந்துவிடும். எஞ்சின் சூடானபின் வெளியேறும் குழாயிலுள்ள பிராணவாயுச் சென்சார் இதைக் கண்டு திருத்தம் செய்கிறது. ஆனால் அச்சென்சார் சுமார் 300 டிகிரிவரை சூடேறிய பின்னரே சரிவரப் பணியாற்றும். முதல் சில நிமிஷங்களில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏற்கெனவே வகுத்த அளவுகளைக் கொண்டே எஞ்சினை நடத்துகிறது. முன்பு மறைந்திருந்த ஒரு சிறு குறை இப்போது காலை வேளையில் வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இயல்பும் கோளாறும்

குளிர்ந்த எஞ்சினில் காணும் ஒவ்வொரு மாறுதலும் கோளாறு ஆகாது. கிளப்பியவுடன் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்று வரை வேகமாக ஓடி, சூடேறச் சூடேறப் படிப்படியாக 700 முதல் 900 சுற்றுக்கு இறங்குவது இயல்பே. புகைக்குழாயிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி சிறிது நேரம் வெளிப்படுவதும், சில துளி நீர் சொட்டுவதும் இயல்பே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது துளியாகிச் சொட்டுகிறது. குழாய் சூடானபின் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகச் செல்கிறது. துடிப்புத் தவறுதல், வண்டி நடுங்குதல், மிதித்தால் திணறுதல், கருப்புப் புகை, நீங்காத வெண்புகை, எச்சரிக்கை விளக்கு ஆகியவையே கோளாறின் அறிகுறிகள்.

முந்திய மாலையே தொடங்க வேண்டும்

சோதனைக்கு உகந்த வேளை காலையின் முதல் நிமிஷம் ஒன்றே ஆதலால், அதற்கான ஏற்பாடுகளை முந்திய மாலையிலேயே செய்ய வேண்டும். வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்த வேண்டும். எட்டு மணி நேரமாவது எஞ்சினை இயக்கலாகாது. ஒரு குறிப்பேடும் கைவிளக்கும் தயாராக இருக்க வேண்டும்.

காலையில் சாவியைத் தொடுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் நீரின் மட்டம் எவ்வளவு? எண்ணெயின் அளவும் நிறமும் எவ்வாறு உள்ளன? பாட்டரியின் மின்னழுத்தம் என்ன? முழுமையாக மின்னேற்றிய பாட்டரி, ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 வோல்ட் காட்டினால் அது பாதியே நிறைந்துள்ளது என்று கொள்ளலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரியையும் அதன் இணைப்புகளையும் முதலில் கவனிக்க வேண்டும். பச்சைக் களிம்பு படிந்த முனைகளும் தளர்ந்த எர்த் கம்பியும் பல புதிய பாகங்கள் வீணே வாங்கப்படுவதற்குக் காரணமாகின்றன.

பாரத் ஸ்டேஜ் 4 அல்லது 6 விதிகளின்படி அமைந்த வண்டியாயின், கோளாறு எண்களைப் படிக்கும் சிறு கருவியை இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, இரண்டு உஷ்ணநிலைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று எஞ்சின் நீரின் உஷ்ணநிலை. மற்றொன்று உள்ளே செல்லும் காற்றின் உஷ்ணநிலை. இரவு முழுவதும் நின்ற வண்டியில் இவ்விரண்டும் வெளிக்காற்றின் உஷ்ணநிலைக்கு மிக நெருங்கியிருக்க வேண்டும். வெளியே 8 டிகிரி உள்ளபோது எஞ்சின் நீர் 45 டிகிரி என்று கருவி காட்டினால், கோளாறு ஏறக்குறைய பிடிபட்டுவிட்டது: சென்சாரோ அதன் கம்பியோ பொய் சொல்கிறது. எஞ்சின் சூடாக உள்ளது என நம்பிய கட்டுப்பாட்டுப் பெட்டி, தேவையான பெட்ரோலை அளிப்பதில்லை. இச்சோதனைக்கு ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

முதல் நிமிஷத்தில் கவனிக்க வேண்டியவை

ஒருவர் வண்டியைக் கிளப்ப, மற்றொருவர் புகைக்குழாயின் அருகே சற்று ஒதுங்கி நிற்பது நல்லது. பின்வருவனவற்றைக் குறிக்க வேண்டும்.

1. துடிப்பு எவ்வாறு தவறுகிறது? ஒரே சீரான இடைவெளியில் தவறினால் ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்பது பொருள். ஒழுங்கின்றித் தவறினால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணம் உண்டு: கலவை, காற்றுக் கசிவு அல்லது எரிபொருளின் அழுத்தக் குறைவு.

2. புகையின் நிறமும் வாசனையும் யாவை? கருப்பு நிறமும் பெட்ரோல் நெடியும் எரிபொருள் மிகுதியைக் காட்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். அடர்ந்து நெடுநேரம் நிற்கும், சற்று இனிய வாசனையுள்ள வெண்புகை, ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிவதைக் காட்டும். புகையே இன்றித் திணறினால் எரிபொருள் குறைவையோ தீப்பொறிக் குறைவையோ ஐயுறலாம்.

3. உதறல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? அரை நிமிஷத்தில் நிற்பது, உள்ளே இரவில் கசிந்து சேர்ந்த ஒன்று எரிந்து தீர்ந்ததற்கு அடையாளம். எஞ்சின் சூடேறும் வரை நீடிப்பது கலவை அல்லது வால்வுக் குறையின் அடையாளம்.

4. மழைநாளிலும் மூடுபனியிலும் மட்டும் தோன்றுகிறதா? அவ்வாறாயின் தீப்பொறிக் கம்பிகளிலும் காயில்களிலும் ஈரம் வழியே மின்சாரம் ஒழுகுகிறது எனலாம். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு, கையால் தொடாமல் பார்த்தால், கம்பிகளில் நீலநிறப் பொறிகள் ஓடுவதைச் சில சமயம் காணலாம்.

மூன்று காலைகளாவது இவ்வாறு குறித்தபின்தான் முடிவுக்கு வர வேண்டும்.

குற்றவாளிச் சிலிண்டரைக் காணுதல்

ஒரு சிலிண்டர் மட்டும் தவறுகிறது என்று தோன்றினால், அது எது என அறிய வேண்டும். கோளாறு எண் படிக்கும் கருவி உள்ள இடத்தில் இது எளிது. பி 0301 என்பது முதல் சிலிண்டரையும், பி 0302 என்பது இரண்டாவதையும் குறிக்கும். பி 0300 என்பது எச்சிலிண்டர் எனக் கூற இயலாத ஒழுங்கற்ற தவறுதலைக் குறிக்கும். கருவி இல்லாத இடத்தில் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட எளிய முறை ஒன்று உண்டு. கிளப்பிய சிறிது நேரத்தில், வெளியேறும் குழாய்களின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு துளி நீரை விரலால் தெளிப்பார்கள். எரியும் சிலிண்டரின் கிளையில் நீர் உடனே ஆவியாகும். எரியாத சிலிண்டரின் கிளையில் அது துளியாகவே நிற்கும். நன்றாகச் சூடேறிய குழாயில் நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும். ஆகையால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.

பிளக் கம்பியைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய பழக்கத்தைப் புதிய வண்டிகளில் கையாளலாகாது. அவற்றின் காயில்கள் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைத் தோற்றுவிப்பவை. மனிதருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் தீங்கு நேரும்.

குற்றமுள்ள சிலிண்டரை அறிந்தபின், புதிய பாகம் வாங்குமுன் இடமாற்றச் சோதனை செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் பொருத்த வேண்டும். மறுநாள் காலையில் தவறுதல் மூன்றாவது சிலிண்டருக்கு இடம்பெயர்ந்தால் காயிலே குற்றவாளி. பெயராவிட்டால் அடுத்த நாள் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஒரு காலையில் ஒரு மாற்றம் என்ற விதியை மீறலாகாது. இரண்டு பாகங்களை ஒருசேர மாற்றினால் நோய் தீர்ந்தாலும் காரணம் தெரியாமற்போகும்.

காரணங்களும் பரிகாரங்களும்

செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கிச் செல்வதே ஏற்ற முறை.

தீப்பொறி. பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்போது அதன் முனை இளம்பழுப்பு நிறமாக இருக்க வேண்டும். உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி; எண்ணெய்ப் பசை இருப்பின் வளையமோ வால்வு சீலோ தேய்ந்துள்ளது; ஒரு பிளக் மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்றிருப்பின் அங்கு நீர் கசிகிறது. இடைவெளி, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். தேய்ந்து அகன்ற இடைவெளியைத் தாண்டச் சூடான எஞ்சினில் தீப்பொறிக்கு இயன்றாலும் குளிர்ந்த எஞ்சினில் இயலாது.

காற்றுக் கசிவு. உள்ளே செல்லும் காற்றுக் குழாயின் ரப்பர்ப் பகுதிகளும் காஸ்கெட்டும் நாளடைவில் விறைத்து வெடிக்கின்றன. அளவிடப்படாத காற்று அவ்வழியே நுழைந்து கலவையை மெலியச் செய்கிறது. சூடேறியதும் பாகங்கள் விரிந்து வெடிப்பை அடைத்துக்கொள்வதால் உதறல் நின்றுவிடுகிறது. ஒரு கஜ நீளமுள்ள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை இணைப்புகளின் ஓரமாக நகர்த்தினால் சீறும் ஒலியைக் கேட்கலாம். மின்விசிறியும் பெல்ட்டும் சுழலும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். பெட்ரோலைத் தெளித்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் முறையை அறவே கைவிட வேண்டும்; அதனால் தீப்பிடிக்கும்.

கரிப் படிவு. காற்றுத் திறப்பைச் சுற்றிக் கரி படிந்தால், மெதுவாக ஓடும்போது செல்ல வேண்டிய காற்று தடைப்படும். உரிய கரைப்பானாலும் மெல்லிய துணியாலும் இதைத் துடைத்துவிடலாம். வால்வுகளின் பின்புறத்தில் படியும் கரி, பஞ்சுபோல் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் சூடேறும் வரையில் கலவை மெலிந்தே இருக்கும். இதைப் பணிமனையில் நீக்க வேண்டும்.

எரிபொருள் அழுத்தம். சாவியைத் திருப்பி, பம்பின் ஒலி நின்றபின் அணைத்து, இவ்வாறு மூன்று முறை செய்து பின்னர் கிளப்பினால் எஞ்சின் சீராக ஓடுகிறதா எனப் பார்க்க வேண்டும். ஓடுமாயின் இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்பது தெளிவு. பம்பிலுள்ள ஒருவழி வால்வைச் சோதிக்க வேண்டும். அதற்கு மாறாகப் பெட்ரோல் நெடியும் கரும்புகையும் மிகுமாயின், ஓர் இஞ்செக்டர் சொட்டுகிறது எனக் கருதலாம்.

தெர்மோஸ்டாட். எஞ்சின் விரைவில் சூடேறும்படி நீரோட்டத்தைத் தடுத்து வைத்து, 80 டிகிரிக்கு மேல் திறந்துவிடும் சிறு கதவு இது. எஞ்சின் கொதிக்கிறது என்ற காரணத்தால் இதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில பணிமனைகளில் உண்டு. அவ்வாறு செய்த வண்டி, குளிர்ப் பிரதேசத்தில் பல கிலோமீட்டர் ஓடியும் முழுச்சூட்டை எட்டுவதில்லை. எப்போதும் மிகுதியான பெட்ரோலைக் குடித்து உதறிக்கொண்டே இருக்கும். கொதிப்புக்குரிய உண்மைக் காரணத்தை நீக்கி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்துவதே முறை.

அழுத்தம். மேற்கூறிய யாவும் சரியாக இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால், அதனுள் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் உயர்ந்தால் வளையம் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்வோ தலைக் காஸ்கெட்டோ கசிகிறது.

குறிப்பேட்டின் பயன்

குறிப்பேடு எவ்வாறு உதவும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மலைப்பகுதி அலுவலகம் ஒன்றின் வண்டி நாள்தோறும் காலையில் உதறுகிறது எனக் கொள்ளலாம். கோளாறு எண் பி 0303. எண்ணை மட்டும் நம்பினால் மூன்றாவது சிலிண்டரின் பிளக், காயில், இஞ்செக்டர் என வரிசையாக மாற்றத் தோன்றும். ஆனால் குறிப்பேட்டில் வேறு மூன்று செய்திகள் உள்ளன: உதறல் நாற்பது விநாடியில் நிற்கிறது, வெண்புகையில் இனிய வாசனை உண்டு, ரேடியேட்டர் நீர் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு இடமில்லை. இரவில், அழுத்தம் தங்கிய நீர், பழுதுற்ற தலைக் காஸ்கெட் வழியே மூன்றாவது சிலிண்டருக்குள் கசிகிறது. முதல் சில துடிப்புகளில் அது ஆவியாகி வெளியேறியதும் எஞ்சின் சீராகிறது.

இங்குத் தாமதம் பெருந்தீங்காகும். கசிவு மிகுந்து ஒரு நாள் பிஸ்டனின் மேல் நீர் நிறைந்துவிட்டால், ஸ்டார்ட்டரை இயக்கியதும் பிஸ்டன் மேலேற முடியாமல் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். நீர் காற்றைப்போல் அழுந்துவதில்லை அன்றோ? ஒரு காஸ்கெட்டுடன் முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே மாற்றும் வேலையாக வளரும்.

கார்புரேட்டர் வண்டிகளும் டீசல் வண்டிகளும்

15 ஆண்டு கடந்த அரசாங்க வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் நீக்கப்பட்டதால், கார்புரேட்டர் வண்டிகள் அலுவலகங்களில் அநேகமாக இல்லை. எனினும் தனியாரிடமும், தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடக் கருவிகளாகவும் அவை உள்ளன. அவற்றில் சோக் கம்பி முழுமையாக இழுபடுகிறதா, எஞ்சின் சூடானபின் முழுமையாகத் திறக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பாயின்ட் இடைவெளியையும் டிஸ்டிரிப்யூட்டர் மூடியின் உட்புற ஈரத்தையும் அடுத்துக் கவனிக்க வேண்டும். ஈரக்காற்று மிகுந்த குளிர்ப் பிரதேசங்களில் பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியால் கார்புரேட்டரின் தொண்டையில் பனி படிவதும் உண்டு. வெளியேறும் குழாயின் அருகிலிருந்து வெதுவெதுப்பான காற்றை எடுத்துவரும் குழாய் கழன்றிருந்தால் அதைத் திரும்ப இணைக்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே டீசலைப் பற்றவைக்கிறது. குளிர் வேளையில் அதற்குத் துணைசெய்வது ஹீட்டர் பிளக். நான்கில் ஒன்று பழுதானால் அந்தச் சிலிண்டர் மட்டும் வெண்புகையுடன் தவறிப் பின்னர் சீராகும். எஞ்சின் இயங்காத நிலையில் ஓம்மீட்டரால் அளந்தால், நல்ல பிளக் மிகக் குறைந்த தடையையும், பழுதானது அளவற்ற தடையையும் காட்டும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்தலும் உண்டு. இதன்பொருட்டு லடாக் பகுதிக்கென, உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரையிலும் ஓடும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. சமவெளியில் நிரப்பிய டீசலுடன் அங்குச் செல்லும் வண்டிகள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

குளிருக்கு அஞ்சி, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கு ஆபத்தானது. குளிர்ந்த எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட நாட்டத்துடன் இணைந்துகொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது வெளியேறும் வலிமையே இல்லாமற்போகலாம். வாசலுக்கு அருகே கொட்டகையில் வண்டியை ஓடவிட்டால், நச்சுப் புகை வீட்டுக்குள்ளும் புகும். வண்டியை வெளியே தள்ளிய பின்னரே கிளப்ப வேண்டும்.

நின்றபடியே நெடுநேரம் சூடேற்றுவதும் தேவையற்றது. எஞ்சின் சீராகப் பிடித்தபின் அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை பொறுத்து, மிதமான வேகத்தில் ஓட்டினால் அது விரைவாகவும் நன்றாகவும் சூடேறும்.

பள்ளிகளில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இப்பொருளைக் கொண்டு இரண்டு எளிய பரிசோதனைகளைச் செய்து காட்டலாம். ஒருவரின் புறங்கையில் ஒரு பக்கம் ஒரு துளி நீரையும் மறு பக்கம் ஒரு துளி ஸ்பிரிட்டையும் வைத்தால், ஸ்பிரிட் விரைவில் மறைந்து குளிர்ச்சி தருவதைக் காணலாம். திரவம் ஆவியாவதற்கு உஷ்ணத்தை உட்கொள்ளும் என்பது இதனால் விளங்கும். இதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்தலாகாது. இரண்டாவதாக, பழைய வண்டியிலிருந்து கழற்றிய உஷ்ணநிலைச் சென்சாரை நீரில் அமிழ்த்தி, மல்டிமீட்டரால் அதன் தடையை அளக்கலாம். பலவகைச் சென்சார்கள் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சில நூறு ஓம் மட்டுமே காட்டும். உஷ்ணம் ஏறத் தடை குறைவதை மாணவர்கள் வரைபடமாகத் தீட்டலாம். அதே சென்சார் வண்டியில் இருந்து பொய் சொன்னால் என்ன நேரும் என்ற வினாவை எழுப்பினால், அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழியை அவர்கள் தாமே கண்டறிவார்கள்.

பாகங்களை மாற்றிக்கொண்டே சென்றால் என்றேனும் ஒரு நாள் கோளாறு தீரலாம். ஆனால் அது சிகிச்சையன்று, சீட்டாட்டம். முந்திய மாலையில் ஆயத்தம், காலையில் முதல் நிமிஷக் கவனிப்பு, ஒரு வேளைக்கு ஒரு மாற்றம், அனைத்துக்கும் எழுத்தில் குறிப்பு என்ற நான்கையும் கடைப்பிடிக்கும் ஓட்டுநர், பணிமனைக்குச் செல்லும்போது வண்டியுடன் அதன் நோய் வரலாற்றையும் கொண்டுசெல்கிறார். அதைக் கண்ட மெக்கானிக், எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அறிந்து வேலையைத் தொடங்குவார்.